ஏரி நடுவில், பூட்ஸ் இல்லாமல்

அந்த நாட்டில் எனக்கு முதலில் கிடைத்தது அடி. அதற்குப் பிறகுதான் ரொட்டி.

கோட்டை வாசலில் ஈட்டியோடு நின்ற காவலாளிக்கு வணக்கம் சொல்லாமல் உள்ளே நுழையப் பார்த்தேன். 'காவலாளி ஈட்டிக் கட்டையால் உன் தோளில் அடிக்கிறான். உனக்கு வலிக்கிறது' என்று திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். படம் கிடையாது, சத்தம் கிடையாது. நான் போன நாடு முழுக்க எழுத்தால் ஆனது. 'வடக்கே போ' என்று ஆங்கிலத்தில் தட்டினால், வடக்கே என்ன இருக்கிறது என்று நாலு வரி வரும். 'எடு', 'சாப்பிடு', 'வெட்டு' என்று தட்டினால் அது நடக்கும். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிற ஆட்கள் அதே நேரத்தில் அதற்குள் நடந்துகொண்டிருப்பார்கள். எதிரே வந்தால் பேசலாம், சண்டையும் போடலாம். பழைய கால விளையாட்டு. இப்போது ஆடுகிறவர்கள் குறைவு; ஆடுகிறவர்கள் விடுவதில்லை.

அதில் என் பெயர் வடக்குத்தான். நெய்வேலி நகரியத்தை ஒட்டிய வடக்குத்துதான் என் ஊர். வெளிநாட்டுக்காரர்களுக்கு வாயில் நுழையவில்லை என்று 'வடா' ஆக்கிவிட்டார்கள். நகரியத்துப் பஜாரில் மேரி அக்கா வைத்திருக்கும் பிரவுசிங் சென்டரில் டைப் அடிப்பதும் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. ஆள் வராத நேரத்தில் கடைசிக் கம்ப்யூட்டரில் நான் வெளிநாடு போவதை அக்கா கண்டுகொள்வதில்லை. என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலத்தைப் பள்ளியில் மனப்பாடம் பண்ணினேன். பேசக் கற்றுக்கொண்டது இந்த எழுத்து நாட்டில்தான். தப்பாகப் பேசினால் ஈட்டியால் அடிப்பார்கள் என்பதால் சீக்கிரம் வந்துவிட்டது.

மூன்று வருடமாக அந்த உலகத்தின் சந்தைகளிலும் குகைகளிலும் சுற்றியிருக்கிறேன். ஆர்தர் என்ற பழைய இங்கிலாந்து ராஜாவின் கதைகளை வைத்துக் கட்டிய பகுதிக்கு மட்டும் போனதில்லை. இந்தத் தடவை போனதற்குக் காரணம் ஒரு நாற்காலி. அங்கே கோட்டை மண்டபத்தில் வட்டமான பெரிய மேசை இருக்கிறது. அதைச் சுற்றி உட்காருகிறவர்கள் எங்களைப் போன்ற நிஜ ஆட்கள். ஓர் இடம் காலியாகிவிட்டது. ஏரிக்கு நடுவே உள்ள தீவுக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றி, அது அணையாமல் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் மேசையில் முதலில் வைப்பவருக்கு அந்த இடம். அங்கே உட்காருகிறவர், அந்த உலகத்தில் ஓர் ஊரைத் தன் கையால் எழுதிச் சேர்க்கலாம்.

எனக்கு அதுதான் வேண்டும். அந்த உலகத்தில் பனிமலை இருக்கிறது, பாலைவனம் இருக்கிறது, பிசாசுகளுக்கென்றே ஒரு துறைமுகம் இருக்கிறது. பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுக்கிற ஊர் இல்லை. அதை நான் எழுத வேண்டும். எங்கேயோ பிரேசிலில் இருக்கிற ஒருவன் எங்கள் கன்வேயர் பெல்ட்டின் அடியில் குனிந்து நடக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அப்பாவிடம் சொன்னேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"சீட்டு குடுக்கறாங்கன்றியே, பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

"பர்மனென்ட்டுப்பா."

"சம்பளம்?"

"அதெல்லாம் கிடையாது."

"அதுக்கு என் கான்ட்ராக்ட்டே தேவல" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

காவலாளிக்கு வணக்கம் சொன்னதும் ஆளே மாறிவிட்டான். 'பயணியே, பசித்திருக்கிறாயா?' என்று கேட்டுக் கறுப்பு ரொட்டி கொடுத்தான். அங்கே பசி முக்கியம். சாப்பிடாமல் நடந்தால் கால் ஓயும், கத்தி தூக்க முடியாது. கோட்டைக்குள் இருந்த சத்திரத்தில் மான்கறியை மாவுக்குள் பொதிந்து சுட்டுத் தந்தார்கள். ருசி எப்படி என்று எழுத்தில் இருந்தது: 'உப்புக் குறைவு, நெய் அதிகம்.' நான் அதைச் சாப்பிட்ட நேரத்தில் நிஜமான என் கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறும் சுட்ட கருவாடும் இருந்தன.

"ஏன்டா, கீபோர்டெல்லாம் கருவாட்டு வாசனை அடிச்சுகினு கெடக்குது" என்றார் மேரி அக்கா. "வர்றவன் பிரவுசிங் சென்டரா மீன் மார்க்கெட்டான்னு கேக்கப் போறான்."

"மான்கறி சாப்பிட்டுகினு இருக்கேங்க்கா."

"மானுக்கு எப்படா செதில் மொளச்சுது?"

செவ்வாய்க்கிழமை குதிரை எடுத்தேன். காட்டு ஓரம் வரைக்கும் ஒழுங்காக வந்தது. அங்கே நின்றுவிட்டது. 'குதிரை காட்டுக்குள் வர மறுக்கிறது.' தட்டினேன். மறுத்தது. மறுபடி தட்டினேன். 'குதிரை உன்னைக் கீழே தள்ளுகிறது.' சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் படியில் தொங்கியும் விழாதவன் நான். எழுத்துக் குதிரையிலிருந்து விழுந்து பாதி உயிர் போயிற்று. குதிரை அதுபாட்டுக்குக் கோட்டைக்குத் திரும்பிப் போனது.

காடு ஒரு சுழல். எந்தப் பக்கம் போனாலும் 'உயரமான மரங்கள். எல்லாப் பக்கமும் பாதை' என்றே வரும். நாலு பக்கமும் ஒரே மாதிரி. நகரியத்துக்குப் புதிதாக வருகிறவர்களும் இப்படித்தான் விழிப்பார்கள். ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி தெரு, ஒரே மாதிரி வேப்பமரம். நாங்கள் பிளாக் நம்பரை வைத்துப் பிழைக்கிறோம். காட்டிலும் அதையே செய்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளைக் கீழே போட்டேன். ரொட்டித் துண்டு கிடந்தால் ஒன்றாம் பிளாக், பொத்தான் கிடந்தால் இரண்டாம் பிளாக். கடைக்கு வந்தவர்களுக்கு ஆதார் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே புதன்கிழமை முழுக்க நடந்தேன். வியாழக்கிழமை காலையில் மரங்கள் விலகின. 'உன் முன்னால் ஏரி. தண்ணீருக்கு நடுவே சிறிய கோயில் ஒன்றின் கூரை தெரிகிறது.' நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

ஏரிக்கரையில் மீன்காரி ஒருத்தியின் குடிசை. படகு கிடையாது. ஒரு கூடை விலாங்கு மீனைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால், தண்ணீர்மேல் நடக்கிற பூட்ஸ் ஒரு ஜோடி தருவாள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான். எனக்கு முன்பே அங்கே ஒருவர் உட்கார்ந்து விலாங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பறவைப் பெயர் வைத்திருந்தார்; தமிழில் நாரை என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை என்று சொன்னார். என்னைவிட மூத்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"காட்டில் எனக்கு இரண்டு நாள் போயிற்று" என்றார். "திரும்பிப் போகும் வழியை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நீயும் நாற்காலிக்குத்தானா?"

"ஆமாம். நீங்களும்தானே?"

"பின்னே விலாங்கு நாற்றத்துக்கா வந்தேன்? நான் எழுதப்போவது ஒரு தீவு. காற்றடிக்கிற தீவு, ஆட்டைவிட மனிதர் குறைவு. உன்னுடையது?"

"ஒரு சுரங்கம்."

"அங்கே பூதம் உண்டா?"

"ஷிப்டு உண்டு."

அன்றைய ஜோடியைப் பெற அவருக்கு இன்னும் அரைக்கூடை பாக்கி. ஆனால் ஸ்காட்லாந்தில் வேலை நேரம் வந்து, அவர் பாதியில் எழுந்து போக வேண்டியதாயிற்று. நான் எனக்கென்று ஒரு கூடையை எடுத்தேன். வீட்டில் மீன் ஆய்வது அம்மா வேலை, நான் தொட்டதில்லை. 'தோலை உரி' என்று தட்டினால் விலாங்கு வழுக்கியது. 'சாம்பல் தடவு' என்று தட்டினேன், அம்மா செய்வதைப் பார்த்த ஞாபகத்தில். அடுப்புச் சாம்பல் குடிசையில் இருந்தது. வேலை ஆயிற்று. மீன்காரி பூட்ஸைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஏரி மேல் நடந்தேன். கீழே தண்ணீருக்குள், ஆர்தர் கதையில் வருவதுபோல, ஒரு கை வாளைப் பிடித்தபடி தெரிவதாக ஒரு வரி வந்தது. நின்று பார்க்க ஆசைதான், நிற்கவில்லை. தீவு வந்தது. 'சிறிய கற்கோயில். கதவு திறந்திருக்கிறது. உள்ளே மெழுகுதிரிகள்.'

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. 'பூட்ஸைக் கழற்று.' 'பூட்ஸை வாசலில் வை.' 'உள்ளே போ.' ஏற்றினேன். மெழுகுதிரி கையில் எரிந்தது. முட்டி போட்டு பூசையில் சொல்கிற பரமண்டல மந்திரம் ஒன்றும் சொன்னேன். அந்த நாட்டில் அதற்கு மதிப்பெண் உண்டா என்று தெரியாது. வெளியே வந்தேன். பூட்ஸ் இல்லை.

வாசலைப் பெருக்குகிற துறவி ஒருவர் அங்கே இருந்தார். தரையில் கிடக்கும் எதையும் எடுத்துக் குப்பையில் போடுவது அவர் வேலை. நிஜ ஆள் இல்லை, எழுத்தில் செய்த துறவி. 'என் பூட்ஸ்?' என்று கேட்டேன். 'ஜெபம் செய், மகனே' என்றார். 'அவசரம்' என்றேன். 'ஜெபம் செய், மகனே.' எந்த அரசாங்க ஜன்னலிலும் இவ்வளவு பொறுமையாக என்னைத் திருப்பி அனுப்பியதில்லை.

பொது அரட்டையில் கேட்டேன். அந்த உலகத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்கும்.

"வடா, பூட்ஸை ஏன் கழற்றினாய்?" என்றான் ஒருவன்.

"கோயிலுக்குள் போனேன்."

"அதுதான் கேட்கிறேன். ஏன் கழற்றினாய்?"

"கோயில் என்பதால்."

சிரிப்பு வரிவரியாக வந்து திரையை நிறைத்தது. இத்தனை வருடத்தில் அந்த வாசலில் யாரும் பூட்ஸைக் கழற்றியதில்லையாம். கழற்றுவார்கள் என்று அந்தப் பகுதியை எழுதினவருக்கே தோன்றவில்லையாம். நீந்தலாம், நீந்தினால் திரி அணையும். ஒரு ஆளுக்கு ஒரு திரிதான், மறுபடி கிடைக்காது. எழுதினவரே வந்து, அனுதாபமாகத்தான், விதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை தீவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மரம் இருந்தால் கட்டுமரம் கட்டலாம், மரம் இல்லை. கோயில் கதவைக் கழற்றப் பார்த்தேன். துறவி ஜெபம் செய்யச் சொன்னார். கையில் திரி எரிந்துகொண்டே இருந்தது, தண்ணீர் எல்லாப் பக்கமும் இருந்தது.

மறுநாள் காலைப் பூசைக்கு அம்மாவோடு போனபோது எங்கள் மாதா கோயில் வாசலில் செருப்பு மலையாகக் குவிந்து கிடந்தது. அத்தனையும் பூசை முடிகிற வரைக்கும் அங்கேயே கிடக்கும். அந்தத் துறவி இங்கே வேலைக்கு வந்தால் ஊரே வெறுங்காலில் வீட்டுக்குப் போகும் என்று நினைத்தேன். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. விட்டுவிடுவதில்லை என்று அங்கேயே முடிவு பண்ணினேன்.

"என்னடா, பூசைல சிரிச்சிகினு இருக்கற?" என்று அம்மா இடித்தார்.

ஞாயிறு கடை அரை நாள்தான். போய்த் திறந்து உட்கார்ந்தால், தீவில் நாரை. முந்தைய நாள் கூடையை முடித்து, அன்றைய ஜோடியை வாங்கி, பூட்ஸோடு உள்ளே போய், பூட்ஸோடு வெளியே வந்திருந்தார்.

"உன் கதையை உலகமே பேசுகிறது" என்றார். "நான் கிளம்புகிறேன், வடா. மன்னித்துக்கொள்."

மேரி அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "யாரு அது?"

"போட்டிக்கு வந்தவங்க. அவங்களுக்குப் பூட்ஸ் இருக்குது. எனக்கு இல்ல."

"தண்ணி நின்ன தெருவுல புள்ளைய இடுப்புல தூக்கிகினு போவாங்களே, அந்த மாதிரி உன்னைத் தூக்கிகினு போவச் சொல்லேன்" என்றார் அக்கா. "எனக்குக் கொழம்பு கொதிக்குது. கடையைப் பாத்துக்க." வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆளை ஆள் தூக்க முடியுமா? விளையாட்டின் விதிகளைத் தேடினேன். முடியும். சண்டையில் அடிபட்டவரைத் தூக்கிப் போவதற்காக வைத்தது. இரண்டு கையும் வேண்டும். எடை குறைவாக இருக்க வேண்டும்.

"நாரை, நில்லுங்கள். காட்டுவழி எனக்குத் தெரியும். எல்லா இடத்துக்கும் நம்பர் போட்டிருக்கிறேன். ஏரியை நீங்கள் தாண்டவையுங்கள், காட்டை நான் தாண்டவைக்கிறேன். கோட்டை இருக்கிற குன்றின் அடிவாரத்திலிருந்து அவரவர் ஓட்டம்."

"என் இரண்டு கையும் உன்னைப் பிடித்திருந்தால் என் திரி எங்கே இருக்கும்?"

"என் கையில்."

"அதாவது, இரண்டும் உன் கையில்."

"ஆமாம்."

"காட்டில் இன்னொரு இரண்டு நாள் என்னால் முடியாது" என்றார் கடைசியாக. "எடையைக் குறை."

கவசத்தைக் கழற்றி வைத்தேன். கேடயம். மூன்று வருடம் அலைந்து சேர்த்த வாள். இரும்புத் தொப்பி, பை, கயிறு. ஒவ்வொன்றாகத் தரையில் வைக்க வைக்க, துறவி வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போனார். நான் பார்த்துக்கொண்டே தட்டினேன். கடைசியில் 'நீ மிக இலேசாக இருக்கிறாய்' என்று வந்தது. நாரை தன் திரியைக் கொடுத்தார். 'நாரை உன்னைத் தூக்குகிறார்.'

இரண்டு திரியோடு ஏரியைக் கடந்தேன். ஓர் இடத்தில் 'நாரை தள்ளாடுகிறார்' என்று வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நான் அசைந்தால் அவர் விழுந்துவிடுவார் என்பதுபோல. கரை வந்தது. இறக்கிவிட்டார். கவசம் இல்லாத நான் அவரைவிட வேகமாக ஓடுவேன், இரண்டு திரியும் என்னிடம். விரல் 'வடக்கு' எழுத்தின் மேல் போய் நின்றது. பிறகு 'திரியை நாரையிடம் கொடு' என்று தட்டினேன்.

"நன்றி" என்றார்.

காட்டில் நான் முன்னால், அவர் பின்னால். மூன்றாம் பிளாக்கில் கிழக்கே, ஐந்தாம் பிளாக்கில் வடக்கே. குன்று அடிவாரம் வந்ததும் அவர் சொன்னார்: "இனி எனக்காக நின்றால் உன்னோடு பேசவே மாட்டேன்."

'வடக்கே' என்று தட்டக் கையைத் தூக்கினேன். அப்போது கடைக்குள் ஒருவர் ஓடிவந்தார்.

"தம்பி, ஒரு பிரிண்ட்டு! ஹால் டிக்கெட்டு! பொண்ணு ஆட்டோவுல உக்காந்துகினு இருக்குது. கேட்டு மூடிட்டா உள்ள வுட மாட்டாங்க!"

போனை நீட்டினார். திரையைத் திரும்பிப் பார்த்தேன். 'நாரை வடக்கே போகிறார்.' படத்தை அனுப்பச் சொன்னேன், வரவில்லை. மறுபடி அனுப்பினார். பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டது. திறந்து, இழுத்து, மூடினேன். "சாமி, சீக்கிரம் சாமி" என்று அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாள் வந்தது. புகைப்படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுத்தேன். பணத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை; அவர் போய்விட்டார், ஆட்டோ கிளம்பிற்று.

உட்கார்ந்தேன். வடக்கு, வடக்கு, மேலே, மேலே. எடை இல்லாததால் கால் ஓயவில்லை. குன்றுப் படியின் பாதியில் ஒரு வரி: 'நாரை இங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்.' முழுக் கவசத்தோடு ஏறியிருந்தார்.

"எங்கே போனாய்?" என்றார்.

"வாடிக்கையாளர்."

"முட்டாளே, நிற்காதே. போ!"

மேலே, மேலே. காவலாளிக்கு வணக்கம். மண்டபம். 'திரியை மேசையில் வை.' அடுத்த வரி நாரை உள்ளே நுழைந்ததாக இருந்தது. அதற்கும் அடுத்த வரி என் பெயரைச் சொல்லி, உட்காரச் சொன்னது.

யாரோ கைதட்டினார்கள், யாரோ வெறுங்கால் வீரன் என்றார்கள். நான் அதையெல்லாம் சரியாகப் படிக்கவில்லை. மேசையில் உட்கார்ந்ததும் என்னை ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். திரையில் ஒரே வரி: 'இங்கே எதுவும் இல்லை. எழுது.'

வாரக்கணக்கில் மனசுக்குள் எழுதி வைத்தவன்தான். கன்வேயர் எங்கே திரும்பும், மண் எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாறும், மழைக்காலத்தில் தண்ணீர் எப்படி ஏறும், எல்லாம் தயார். 'நீ ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறாய்' என்று முதல் வரியைத் தட்டினேன். இரண்டாவது வரிக்குக் கை வைப்பதற்குள் திரை நகர்ந்தது.

'நாரை இங்கே வந்து சேர்கிறார்.'

"எட்டிப் பார்க்கலாம் என்று வந்தேன்" என்றார். "பள்ளம் பெரிதாகத்தான் இருக்கிறது. காலையிலிருந்து ஒருவனைச் சுமந்து, மலை ஏறி, தோற்றும் போயிருக்கிறேன். ரொட்டி தீர்ந்துவிட்டது. இந்த ஊரில் சாப்பிட என்ன கிடைக்கும்?"

ஒன்றும் கிடைக்காது. நான் இன்னும் எழுதவில்லை.

"உட்காருங்கள்" என்றேன். சுரங்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பள்ளத்தின் விளிம்பில் ஓர் அடுப்பை மூட்டினேன்.